இலைச் சுருளுக்குள் ஒரு சண்டை



இலங்கையின் ருவான்வெல்லைப் பக்கம் றப்பர் மலைதான் அதிகம். இடையிடையே தேயிலையும் உண்டு. தேயிலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிற அக்காமார் இதைப் பார்த்திருப்பார்கள்: பசை தடவியது போல ஒட்டிக்கிடக்கும் இரண்டு மூன்று இலைகள். பிரித்தால் உள்ளே பச்சைப் புழு. விரல் பட்டதும் பின்பக்கமாக நெளிந்து, நூல் விட்டுத் தொங்கிவிடும்.

இதன் தாய் சிறியதொரு பழுப்பு அந்துப்பூச்சி. இலையின் மேல் முட்டைகளை மீன் செதில் போல ஒன்றையொன்று மூடி அடுக்கும். ஒரு கொத்தில் நூறுக்கு மேலும் இருக்கும். ஹோமோனா கொஃபியேரியா என்பது இதன் அறிவியல் பெயர். தேயிலைப் புழுவுக்கு ஏன் கோப்பியின் பெயர்? 1861இல் நீட்னர் என்பவர் இதை இலங்கைக் கோப்பிச் செடியில் கண்டு எழுதினார். பிறகு இலைநோயால் கோப்பி அழிந்தது, மலையெங்கும் தேயிலை ஏறியது, புழுவும் தேயிலைக்கு வந்துவிட்டது. நிழல் மரங்களின் இலையையும் அது தின்னும்.

அந்தக் காலத்தில் முட்டைக் கொத்துகளைக் கையால் பொறுக்கித்தான் அழித்தார்கள். பொறுக்கியவை நம் பாட்டன் பாட்டிமாரின் கைகள்.

1935, 36ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டது. பெயர் மக்ரோசென்ட்ரஸ். மனிதரைக் கொட்டாது. இளம் புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். குளவிக் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வளரும். சில ஆண்டுகளில் புழுவின் கொட்டம் அடங்கியது. கூலி கேட்காமல், மருந்துச் செலவு வைக்காமல் நடந்த வேலை இது. இலங்கை விவசாயத்தில் இதற்கு ஈடான வெற்றிகள் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

1950களின் பிற்பகுதியில் வேறொரு தொல்லைக்கு மருந்து தேடினார்கள். தேயிலைக் கம்பைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அது குளவியையும் கொன்றது. இலைச் சுருளுக்குள் மறைந்திருந்த புழு தப்பிப் பிழைத்தது. தடுக்க ஆளில்லாமல் போனதும் மலை மலையாகப் பெருகியது. டீல்ட்ரினைக் கைவிட்ட பிறகே குளவி மீண்டும் தலையெடுத்தது.

அதனால்தான் சொல்கிறேன், சிறு தோட்டம் வைத்திருக்கும் அண்ணன்மாரே, சுருண்ட இலையைக் கண்டதும் மருந்துப் பம்பைத் தோளில் மாட்டாதீர்கள். முதலில் நாலு சுருளைப் பிரித்துப் பாருங்கள். புழு செத்து வற்றிக்கிடக்க, பக்கத்தில் நீளமான சின்னக் கூடுகள் நெருக்கமாக ஒட்டியிருந்தால் நசுக்கவேண்டாம். அந்த இலையை அப்படியே செடியடியில் விட்டுவிடுங்கள்.