பட்டாவில் யார் பெயர்?

(மகளிர் நாளையொட்டித் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் 8 வந்தால் நம் பள்ளிச் சுவர்களில் ஒரு சார்ட் ஏறும். கல்பனா சாவ்லா, அன்னை தெரசா, பி.டி.உஷா. மறுவாரம் கிழிந்துவிடும். தவறில்லை, ஒட்டட்டும். ஆனால் அந்தச் சார்ட்டில் திண்டுக்கல் எங்கே?

இந்த மாவட்டத்து அய்யங்கோட்டையில் 1926இல், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். பட்டம் படித்தார். 1950இல் ஜெகந்நாதனைச் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டார். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இருவரும் தஞ்சை மண்ணுக்கே போய்த் தங்கினார்கள். 1981இல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, கூலிக்காரக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டா பெண்கள் பெயரில். 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருது கிடைத்தது.

அவர் காந்தியர், வினோபாவோடு நடந்தவர். நிலமுள்ளவன் மனசாட்சியை நம்பும் பூதானத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பெண் பெயரில் பட்டா என்பது நம்முடைய கோரிக்கையும்தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் யார் தெரியுமா? நம்ம பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு மூன்று வயது இருக்கும். அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டு ஆயிற்று.

சட்டம் வந்தும் வீட்டில் என்ன நடக்கிறது? "அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துடும்மா" என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இதை வகுப்பில் பேசுங்கள். உன் வீட்டுப் பட்டாவில் யார் பெயர் என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: எழுந்து நின்று சொல்லச் சொல்லாதீர்கள். நிலமே இல்லாத பிள்ளையை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்தால் அது சாதியைக் கேட்டதாகிவிடும். பெயர் போடாத சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்பா, அம்மா, தாத்தா, யாருமில்லை, தெரியாது. எண்ணிக்கையைக் கரும்பலகையில் போடுங்கள். பிறகு பிள்ளைகளே பேசுவார்கள்.

கணக்கு ஆசிரியருக்கும் வேலை உண்டு. வேடசந்தூர் பக்கம் எத்தனை நூற்பாலைகள்! பத்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, மூன்றாண்டு முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஒரு திட்டம். பெயர் 'சுமங்கலி'! அவள் உழைத்த கூலியைப் பிடித்து வைத்து, வரதட்சணையாகக் கொடுக்கிறார்கள். மூன்றாண்டுக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு தெரிந்தால், ஏஜெண்ட் வீட்டு வாசலில் நிற்கிறபோது "நான் பிளஸ் ஒன் போறேன்" என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கையில் இருக்கும். அம்மாவிடம் காட்டவும் ஒரு தாள் இருக்கும்.

இதெல்லாம் பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்து நடத்தும் பாடமல்ல. பையன்களும் இருக்க வேண்டும். சீட்டுகளை எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். முடிந்ததும் வகுப்பைக் கூட்டும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள்.