ஒரு செம்பிடம் கேட்ட கேள்விகள்



1958-இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் ஓர் அறிக்கை தந்தார்கள். இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது எதைத் தெரியுமா? அன்றாடம் புழங்கும் செம்பை! நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் அதன் எடை எங்கே நிற்கிறது? இடுப்பிலும் தலையிலும் எப்படி அமர்கிறது? சாய்த்தால் நீர் எப்படி விழுகிறது? துலக்குவது எளிதா? கடைசியில் பழைய உலோகமாகப் போட்டால் என்ன தேறும்? இப்படி அடுக்கடுக்காகக் கேட்டார்கள். அந்த அறிக்கையின் பயனாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

ஒரு பொருளை அதன் ஆயுள் முழுவதும் பின்தொடரும் கேள்விகள் இவை. இன்று பொறுப்பான வடிவமைப்பு என்று பேசப்படுவதன் சாரம் இதில் இருக்கிறது.

இத்தகைய வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக, ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பாருங்கள். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்க வேண்டியது. அதை மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார முடியாது. வயல் சேற்றில் இறங்கவும் முடியாது. 1960-களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். சம்மணமிடலாம், வெறுங்காலோடு நடக்கலாம், வரப்பில் ஏறலாம். நோயாளியின் வாழ்க்கையைப் பார்த்துப் பாதத்தைச் செய்தார்கள். அதனால்தான் அது நிலைத்தது.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1924-இல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டணியாகச் சேர்ந்தன. 1,500 மணி நேரத்துக்கு மேலும் எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்கு இறக்கினார்கள். மாதிரிகளை வாங்கிச் சோதித்தார்கள்; அதைவிட நெடுநேரம் எரியும் பல்பைச் செய்த தொழிற்சாலைக்கு அபராதம் போட்டார்கள். திறமையான பொறியாளர்களின் உழைப்பு, பொருளைச் சீக்கிரம் சாகடிப்பதற்குச் செலவானது.

ஃபீபஸின் பாதையை இன்று சட்டம் மறிக்கத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் செல்போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும்.

நம் வடிவமைப்புக் கல்லூரிகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு மாணவர் வரைபடத்தோடு, பொருளை எப்படிக் கழற்றுவது, எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது என்ற பட்டியலையும் சேர்த்துத் தரட்டும். மதிப்பெண் போடும் குழுவில், கடைவீதியில் செல்போன் பழுதுபார்க்கும் ஒருவரும் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் அமரட்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று இந்த மேடை கேட்டுக்கொள்கிறது.