உடல் நோவும் உணவும்

(அக்குறணையில் எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுக் கூட்டத்திலே சமயம் பற்றியோ மொழி பற்றியோ பேசுவது வழக்கம். இம்முறை நாம் அடுக்களையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கருதும் மரபிலே வந்தவர்கள் நாம். அவ்வுடம்பு ஓயாமல் நோகிறது என்று நம் வீட்டில் ஒருவர் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதும் சமயத்தின் பாற்பட்ட கேள்வியே அன்றோ!

"உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல இருக்கிறது" என்று சொல்லும் தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம். இன்று தோள் நோகும், நாளை இடுப்பு நோகும், மறுநாள் கால். இரவு முழுவதும் படுத்திருந்தாலும் காலையில் களைப்புத் தீராது. வைத்த பொருள் வைத்த இடம் மறந்துபோகும். இரத்தத்தைச் சோதித்தால் குற்றமில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கிறது. உடனே வீட்டிலே என்ன சொல்கிறார்கள்? ஒருவர் வாயு என்பார். ஒருவர் கண்ணூறு என்பார். வேறொருவர் வேலைக்குக் கள்ளம் என்றும் சொல்லிவிடுவார். நோவைக் காட்டிலும் அந்தச் சொல் அவரை அதிகம் வருத்துகிறது.

இத்தகைய நோவு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் புலப்படாதபோது, வைத்தியர்கள் அதனைப் பைப்ரோமயால்ஜியா என்று இனங்காண்பதுண்டு. ஆண்களிலும் பார்க்கப் பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. 1904ஆம் ஆண்டில் ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் கவர்ஸ் என்பவர் இத்தகைய நோவைத் தசைநார்களின் அழற்சி என்று கருதி அதற்கேற்ற பெயரிட்டார். பின்னர் ஆராய்ந்தோர் அழற்சி எதனையும் காணவில்லை. ஆகவே 1976ஆம் ஆண்டளவில் இன்றைய பெயர் வழங்கலாயிற்று. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் உடலின் 18 இடங்களை அழுத்திப் பார்த்து நோயை அறியும் முறையை வகுத்தனர். 2010ஆம் ஆண்டின் புதிய முறையில் அந்த எண்ணிக்கையையும் கைவிட்டு, நோவின் பரப்பையும் தூக்கத்தையும் களைப்பையும் கேட்டறியும் வழியைக் கொண்டனர். 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. எனவே இது கற்பனை நோயன்று.

நோவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டும் திருகு இறுகி நின்றுவிட்டால் மெல்லிய பேச்சும் இரைச்சலாகக் கேட்கும் அல்லவா? அதுபோல, மூளையும் நரம்புகளும் சிறு உணர்ச்சியையும் பெரும் நோவாக எடுத்துக்கொள்கின்றன. மூட்டுகள் இதனால் தேய்வதில்லை. ஆயினும் நோவு மெய்யான நோவே.

இதனை உணவால் மாற்றிவிடலாமா? மாற்றிவிட முடியாது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இன்ன உணவு இந்நோயைத் தீர்க்கும் என்று நிறுவப்படவில்லை. செய்யப்பட்ட ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. மஞ்சளும் இஞ்சியும் கறிக்கு நல்லவை. கொத்தமல்லி அவித்த நீர் உடம்புக்கு இதமானது. அவற்றை மருந்தென்று நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துதல் ஆகாது. 2016ஆம் ஆண்டில் வாத நோய்களுக்கெதிரான ஐரோப்பியக் கழகம் வெளியிட்ட அறிவுரையில் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அது உடற்பயிற்சி. அப்படியாயின் உணவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நடப்பதற்கும் உறங்குவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு சோற்றுக் கோப்பையிலிருந்தே வருகிறது.

முதலாவது, இந்நோயைப் போலவே தோற்றும் வேறு குறைகளும் உள. இரத்தச் சோகை, தைரொயிட் சுரப்பிக் குறைவு, விட்டமின் டீ, விட்டமின் பீ 12 ஆகியவற்றின் குறைவு என்பன களைப்பையும் உடல் நோவையும் தரவல்லன. இவற்றைச் சோதித்து அறியலாம்; அறிந்தால் சரிசெய்யவும் முடியும். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை, சிகிச்சையும் இலவசம். பீ 12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஆகவே மரக்கறி மட்டும் உண்போர் பாலும் தயிரும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; போதாவிடில் வைத்தியரைக் கேட்க வேண்டும். விட்டமின் டீயை உணவிலும் பார்க்க வெயிலே மிகுதியாகத் தருகிறது. விடியுமுன் அடுக்களைக்குள் புகுந்து வெயில் தாழ்ந்தபின் வெளிவரும் பெண்ணுக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

இரண்டாவது, நமது தேநீர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது இந்தக் கண்டி மாவட்டத்திலேதான். அந்தச் செடியோடு வாழ்ந்துவரும் மக்களிடம் தேநீரை விடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்த நட்டம் குறையும். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவதும், உணவோடு ஒரு கொய்யாப்பழம் தின்பதும் அந்தச் சத்தை ஏற்க உதவும். மாலை மயங்கியபின் தேநீரைத் தவிர்த்தால் உறக்கத்துக்கும் நல்லது. உறக்கம் கெட்டால் மறுநாள் நோவு கூடும்.

மூன்றாவது, பத்தியம். நோவு என்றதும் கத்தரிக்காய் கூடாது, பருப்பு வாயு, மீன் சூடு, தயிர் குளிர் என்று ஒவ்வொன்றாக விலக்கி, ஈற்றில் வெறுஞ்சோறும் இரசமுமே நோயாளிக்கு மிஞ்சுகின்றன. ஏற்கெனவே மெலிந்த உடம்பு இதனால் மேலும் நலிகிறது. சிலருக்குச் சில உணவு வயிற்றைப் புரட்டுவதுண்டு. இந்நோயுள்ள பலருக்குக் குடற் கோளாறும் சேர்ந்திருக்கக் காண்கிறோம். அவர்கள் ஒரு கொப்பியில் உண்டதையும் உடல்நிலையையும் குறித்துவரலாம். ஐயமான ஓர் உணவைச் சில வாரம் நிறுத்தி, மீண்டும் சேர்த்துப் பார்க்கலாம். ஒத்துக்கொண்டால் அதை ஒதுக்க வேண்டுவதில்லை. உடற் பருமன் மிகுந்தவர்கள் எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நோவும் தணிய இடமுண்டு. அதற்குக் குறைக்க வேண்டியவை சீனியும் பொரியலும் விசுக்கோத்துமே. பருப்பும் மீனும் அல்ல.

விலையுயர்ந்த மாவும் தகர டின்னும் வேண்டுவதில்லை. காலையில் வல்லாரைக் கஞ்சி, குரக்கன் ரொட்டி, அவித்த கௌபி அல்லது கடலை. பகலில் அளவான சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு மரக்கறி, உண்போருக்கு நெத்தலியோ முட்டையோ. இரவில் அதிகம் தாமதியாமல் எளிய உணவு. முருங்கையும் பலாவும் கொய்யாவும் நம் கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்கின்றன.

விரதம் பற்றியும் ஒரு சொல். கந்தசட்டியும் வெள்ளி விரதமும் நம் தாய்மாருக்கு உயிர். ஆனால் நெடுநேரம் வெறும் வயிற்றோடிருந்தால் சிலருக்குத் தலைவலியும் தளர்ச்சியும் மிகுகின்றன. பாலும் பழமும் உண்டு நோற்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வூரில் நம் அயலிலே வாழும் முஸ்லிம் அன்பர்களின் நோன்பிலும் நோயாளிக்கு விலக்களிக்கப்பட்டிருக்கிறது. இறைவன் வாடிய உடம்பைக் கேட்பதில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறோம். இவ்வளவு உணவையும் சமைப்பது யார்? பெரும்பாலும் நோவுள்ள அந்தத் தாயேதான். தேங்காய் துருவுவதும், விறகு சுமப்பதும், தண்ணீர்ப் பானை தூக்குவதும் அவரே. எல்லோருக்கும் பரிமாறியபின், பிற்பகல் மூன்று மணிக்குச் சட்டியில் ஒட்டியதை நின்றபடி உண்பவரும் அவரே. அவருக்குக் கீரையின் பெருமையைச் சொல்லி என்ன பயன்? அவருடைய பங்குக் கீரை முன்பே தீர்ந்துவிட்டதே!

ஆகவே இளைஞர்களே, இவ்வுரை முதலில் உங்களுக்கானது. இன்று வீட்டுக்குப் போனதும் தேங்காயை நீங்கள் துருவுங்கள். தண்ணீரை நீங்கள் எடுத்துவாருங்கள். தாயையோ தமக்கையையோ உட்காரவைத்து, வீட்டார் உண்ணும் நேரத்திலேயே அவரும் உண்ணும்படி செய்யுங்கள். மாலையில் பத்து நிமிடம் அவரோடு நடந்துவாருங்கள். நமது ஊர் மேடும் பள்ளமும் ஆனது. முதலில் சமதரையிலே நடந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒருநாள் நோவு கூடினால் நடையைக் குறைக்கலாம். அறவே நிறுத்த வேண்டுவதில்லை. பெரியோர்களே, "நோகிறது" என்று அவர் சொன்னால் "எங்கே?" என்று கேளுங்கள், "உனக்கு எப்போதும் இதுதான்" என்று சொல்லாதீர்கள்.

இந்நோய் ஒரு வாரத்தில் மாறுவதன்று. ஏறியும் இறங்கியும் வருவது. வேளைக்கு உணவு, போதிய உறக்கம், அளவான நடை, வைத்தியரின் மேற்பார்வை, வீட்டாரின் நம்பிக்கை ஆகிய ஐந்தும் சேர்ந்தால் நோவின் கடுமை தணிந்து, நாளாந்த வேலைகளைச் செய்யக்கூடிய நிலை பலருக்கு வாய்க்கிறது. அவற்றுள் வைத்தியரின் பங்கு ஒன்றே. ஏனையவை நம் வீட்டுக்குள்ளே இருக்கின்றன.