அக்காவின் இடுப்பில் தம்பி
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜமுனாமரத்தூர் பக்கம் சாமைக்குக் களையெடுப்புத் தொடங்கிவிட்டால், நம் வகுப்பில் சில பெண் பிள்ளைகளைக் காண முடியாது. காரணம் நமக்குத் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருக்கும்.

சென்ற ஆண்டு என் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒன்பது நாள் வரவில்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். நான்கு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் பால் புட்டி, உள்ளே சர்க்கரைத் தண்ணீர். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வேறு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று பாடம் நடத்துகிறோம். பாடம் வாசல்வரை வரவில்லை.

மதியம் அம்மா வந்ததும் பேசினேன். “பால் கட்டிக்கிட்டு வலி தாங்கல டீச்சர். வரப்புல உக்காந்து பீச்சி வுட்டுட்டு வேலையப் பாக்கறேன்” என்றார். இங்கே பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர், அங்கே பால் மண்ணுக்கு!

கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துச் சென்றேன். அவர் சொன்னது எளிது. சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி, மூடி, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் போகாத இடமென்றால் 4 மணி நேரம் வைக்கலாம். மேலே ஏடு தனியாக மிதக்கும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடக் கூடாது, மெல்லக் கலக்கினால் போதும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, சங்கை உதட்டில் தொட்டு வைத்தால் அதுவே உறிஞ்சும். வாயில் ஊற்றினால் புரையேறும். குடித்து மிஞ்சியதை எடுத்து வைக்கக் கூடாது.

புட்டியைக் கழுவுவது கடினம், சங்கு அப்படியல்ல. பால் புட்டிக்கு விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பாட்டிக்குத்தான் தயக்கம். “பீச்சி வெச்ச பாலா?” என்று முகம் சுளித்தார். செவிலியர் முன்னால் பேரன் சங்கில் குடித்து முடித்த பிறகே சம்மதித்தார். ஆடு மேய்க்கப் போவதை மதியத்துக்குத் தள்ளிவைத்தார். புதன்கிழமை என் மாணவி வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பாட்டி இல்லாத வீடுகளும், பிழைப்புக்காக மலையிறங்கி மாதக்கணக்கில் வெளியூர் போகும் குடும்பங்களும் இருக்கின்றன. அங்கே இந்த வழி உதவாது. மற்ற வீடுகளுக்காக ஒன்று கேட்கிறேன்: தொடர்ந்து மூன்று நாள் வராத மாணவியின் பெயருக்குப் பக்கத்தில், வீட்டிலுள்ள கைக்குழந்தையின் வயதையும் பென்சிலால் குறித்துச் செவிலியரிடம் காட்டுங்கள்.