முட்டிச் சில்லும் கிணற்றுக் கப்பியும்

(ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் முழங்காலைப் பற்றிப் பேசுவதா என்று சிரிக்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் வாலிபால் ஆடும்போது, திரும்பிய இடத்திலேயே சுருண்டு விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? அதன்பின் நான் மைதானத்துப் பக்கமே வரவில்லை. 'டிமிக்கி' என்று பெயர் வைத்தீர்கள். அதற்குத்தான் இன்று விளக்கம்.

தொடை எலும்பின் அடிமுனையில், முன்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. டிரோக்ளியா என்று பெயர். லத்தீனில் கப்பி என்று பொருள். நம்ம கிணற்றுக் கப்பியேதான். முட்டிச் சில்லு அந்தப் பள்ளத்தில்தான் ஏறி இறங்குகிறது. தொடைத் தசை கயிறு என்றால், அந்தக் கயிற்றை மூட்டின் மையத்திலிருந்து தள்ளி நிறுத்தி, நெம்புகோலின் நீளத்தைக் கூட்டிக் கொடுப்பது சில்லு. இழுவிசை நேராக வராது. சற்று வெளிப்பக்கமாகச் சாய்ந்தே வரும். அதனால் பள்ளத்தின் வெளிக்கரை உட்கரையைவிட உயரம். எந்த டிசைனர் போட்டாரோ, கச்சிதம்!

எனக்கு அந்தக் கரை சரியாக அமையவில்லை. இரு சரிவுகளுக்கும் இடைப்பட்ட கோணம் சாதாரணமாக 138 டிகிரி அளவில் இருக்கும். 145-ஐத் தாண்டினால் பள்ளம் ஆழமில்லை என்று கணக்கு. சிலருக்குத் தட்டையாக, ஏன், மேடாகவே இருக்கும். இதுதான் டிரோக்ளியர் டிஸ்பிளேசியா. கப்பியில் காடி இல்லையென்றால் கயிறு என்ன செய்யும்?

கால் நீட்டியிருக்கையில் சில்லு பள்ளத்துக்கு மேலே நிற்கும். 20, 30 டிகிரி மடக்கினால்தான் உள்ளே இறங்கும். அதுவரை அதை உள்பக்கம் பிடித்து வைப்பது ஒரு மெல்லிய இணைப்பு நார். சில்லு ஒருமுறை விலகினாலே பெரும்பாலும் அந்த நார் கிழிந்துவிடும். பிறகு படி இறங்கினாலும் பயம்தான்.

அன்று எனக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார்கள். முன்பக்கம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து 'ஒண்ணுமில்லை, சுளுக்கு' என்றார்கள். குறை தெரிவது பக்கவாட்டு எக்ஸ்ரேயில். பள்ளத்தின் அடிக்கோடு கரையின் கோட்டோடு வந்து மோதி நிற்கும். பிரான்சின் லியோன் நகரில் ஆன்ரி டெஜூர் குழுவினர் 1980-களிலேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரிய எட்டு வருஷம், நாலு விழுகை ஆயிற்று. தொடையின் பின்பக்க நாண் ஒன்றை எடுத்து, புது நாராக வைத்துத் தைத்தார்கள். பள்ளத்தையே ஆழப்படுத்தும் அறுவையும் உண்டு. குறை கடுமையாக இருந்தால்தான் அதில் கை வைப்பார்கள்.

இது குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. போன வருஷம் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்த என் ஒன்பது வயது மகள், "அப்பா, முட்டி நழுவுது" என்றாள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளுக்கும் பள்ளம் ஆழமில்லை. எலும்பு வளரும் வயதில் அதைச் செதுக்க மாட்டார்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்; தினமும் நானும் கூடவே செய்கிறேன்.

மாலையில் வாலிபால் என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்தேன். நான் ஸ்கோர் எழுதுகிறேன். அந்தப் பேரை மட்டும் மாத்திடுங்கப்பா.