இடக்கரடக்கலும் ஒரு வாளித் தண்ணீரும்



இலக்கிய உரையிலே மலசலகூடத்தைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். பேசக் கூசியதனால் என் வீட்டில் நேர்ந்த ஒன்றைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

சபையிலே சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றில் இது ஒன்று. மற்றவை மங்கலமும் குழூஉக்குறியும். அவ்வாறு மறைக்க வேண்டிய சொல்லைத் தொல்காப்பியர் அவையல் கிளவி என்றார். "கால் கழுவி வருகிறேன்" என்று நாம் சொல்வதும் இந்த மரபில் வந்ததே. ஆண்டுதோறும் இதை வகுப்பிலே படிப்பிக்கிறேன்.

லிந்துலையில் எங்கள் வீட்டுக்கு மலை ஊற்றிலிருந்து குழாய்வழி தண்ணீர் வருகிறது. சென்ற வருடம் தென்மேற்குப் பருவமழை வலுத்த ஒரு வாரத்தில், மலசலகூடத்துத் தண்ணீர்த் தொட்டி பழுதாயிற்று. பிடியை அழுத்தினால் சிறிது நீர் சளசளத்து நின்றுவிடும். தலவாக்கலைக்குப் போய் ஒரு ஹாட்வெயார் கடையில் ஏறினேன். அங்கே என் பழைய மாணவர் இருவர் நின்றார்கள். என்ன பழுது என்று கடைக்காரர் கேட்டார். "வீட்டிலே தண்ணீர்ப் பக்கம் ஒரு சின்னக் கரைச்சல்" என்றேன். அவர் சமையலறைக் குழாய்க்கு ஒரு வாசரை எடுத்துத் தந்தார். மறுபேச்சின்றி அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் சென்றது. ஒருநாள் விடியற்காலை நான்கு மணியளவில் சத்தம் கேட்டு எழுந்தேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய என் தாயார், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறு கையில் நிறைந்த வாளியோடு வெளிக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, என்னை எழுப்பக்கூடாதா?"

"இதுக்குப் போய் எழுப்புறதா? லயத்துல இருக்கையில இருட்டோட எந்திரிச்சுப் போனோமே, அப்ப யாருகிட்ட சொன்னோம்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா என்று வரிசையாய்க் கட்டிய லயங்களிலே, மலசலகூடம் பலருக்கும் பொதுவாக அப்பால் இருந்தது. பெண்கள் விடியுமுன் மழையிலும் பனியிலும், அட்டை கடிக்க, ஒருவருக்கொருவர் துணையாகப் போய்வருவார்கள். அதைத் துப்புரவு செய்தவரை 'வாசக்கூட்டி' என்றார்கள். அவர் கழுவியது மலசலகூடம். பெயரில் இருந்ததோ வாசல். அதுவும் ஓர் இடக்கரடக்கல்தான். சொல்லை மறைத்தோம்; அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு மனிதரையும் மறைத்துவிட்டோம்.

அன்றே மீண்டும் கடைக்குப் போனேன். "கக்கூசுத் தொட்டியில் தண்ணீர் அடிக்குதில்லை" என்று உரத்தே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாளியில ஊத்தினா போகுதா சேர்?"

"போகுது."

"அப்ப குழியிலயும் குழாயிலயும் அடைப்பில்ல. தொட்டியிலதான் பிழை. மழைத்தண்ணி மணல் கொண்டு வந்திருக்கும். வால்வைக் கழற்றிக் கழுவுங்க."

தொட்டியின் மூடியைத் திறந்தேன். நான்கு விரற்கிடை நீரே இருந்தது. தொட்டி நிறைந்திருந்து, நீர் முழுவதும் ஒரே வேகத்தில் இறங்கினால்தான் கொமட்டின் பின்னுள்ள வளைகுழாய் நிரம்பி, அழுக்கையும் சேர்த்து இழுத்துச் செல்லும். சொற்ப நீர் மெல்ல வழிந்து போகுமேயன்றி இழுக்காது. வாளித் தண்ணீர் அந்த வேகத்தையே கொடுத்திருக்கிறது. அடைகுழாயை மூடிவிட்டு, மிதவைப் பந்தின் அருகிலிருந்த வால்வைக் கழற்றினேன். அதன் சிறு துவாரத்தில் செம்மண்ணும் மணலும் இறுகியிருந்தன. கழுவினேன். குழாயைச் சற்றே திறந்து, அதில் தங்கிய மண்ணை வாளியில் வடியவிட்டேன். மீண்டும் பூட்டியதும் நீர் இரைந்து ஏறியது. மிதவை உயர்ந்தது, தானாகவே நீர் நின்றது. அரைமணி நேர வேலை. செலவு ஒரு சதமுமில்லை. வேறு வீடுகளில் வாளித் தண்ணீரும் போகாது மேலே எழும்புமாயின், அது வளைகுழாயிலோ அப்பாலோ உள்ள அடைப்பு; தொட்டியைத் திருத்திப் பயனில்லை.

இந்தப் பொருளை ஒரு கவிஞரே முன்னர் எழுதியிருக்கிறார். அரியோஸ்தோவின் இத்தாலியக் காவியத்தை 1591இல் ஆங்கிலத்தில் தந்த சேர் ஜோன் ஹரிங்டன், 1596இல் தண்ணீரால் கழுவப்படும் மலசலகூடத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதலாம் எலிசபெத் மகாராணியின் ஞானப் புதல்வர் அவர். பின்னர் 1775இல், ஸ்கொட்லாந்திற் பிறந்த மணிக்கூடு செய்பவரான அலெக்சாண்டர் கமிங், வளைகுழாய் கொண்ட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வளைவிலே எப்போதும் சிறிது நீர் தங்கி, கீழிருந்து வரும் துர்நாற்றத்தைத் தடுக்கிறது. ஆனால் அழுக்குப் போகும் வழியை அது அடைப்பதில்லை.

இடக்கரடக்கலுக்கும் அதுவே இலக்கணம் என்று இப்போது நினைக்கிறேன். சொல் நாற்றத்தை மறைக்கலாம். வழியை அடைக்கக் கூடாது. உதவி கேட்க வேண்டிய இடத்திலும் மறைத்துப் பேசினால், அதன் பாரத்தை வீட்டிலே யாரோ ஒருவர் வாளியாகச் சுமக்கிறார்.

அன்று மாலை அம்மாவிடம் எங்கள் லயத்து வாசக்கூட்டியின் பெயரைக் கேட்டேன். சற்றும் யோசியாமல் சொன்னார். அவருடைய மனைவி, பிள்ளைகளின் பெயர்களையும் சொன்னார். அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த நான், அவற்றை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.