வெளியே படித்த கிரெடிட் உங்கள் கல்லூரியில் செல்லுமா?

(வாலாஜாபாத்தில் கல்லூரி மாணவர்கள், பெற்றோர் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

வாலாஜாபாத்தில் இருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். கையில் போன் இருக்கிறது. ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் இலவசமாகச் சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம், ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். தேர்வு நேரில்தான் நடக்கும்.

பாஸ் ஆன பிறகுதான் பலருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: "சார், இதை என் மார்க்‌ஷீட்டில சேர்ப்பாங்களா?" அந்த நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆயிரம் ரூபாயும் பன்னிரண்டு வார உழைப்பும் ஒரு சட்டம் போட்ட சான்றிதழோடு நின்றுவிடும். அதனால் கல்லூரி இதை எப்படி முடிவு செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

விதி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. யு.ஜி.சி. 2016-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் ஸ்வயம் பாடங்களுக்கு 20 சதவீதம் வரை இடம் இருந்தது. 2021-ல் அதை, ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை என்று உயர்த்தினார்கள். இதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 40 என்பது உச்சவரம்பு. அதற்குள் எந்தெந்தப் பாடங்களை ஏற்பது என்று முடிவு செய்வது கல்விக்குழு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் குழு கல்லூரிக்குள்ளேயே இருக்கும். இணைவு பெற்ற கல்லூரி என்றால் முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். உங்கள் பிரின்சிபால் மட்டும் சரி என்றால் போதாது.

"ஐ.ஐ.டி. சான்றிதழையே ஏன் ஒதுக்குறாங்க?" என்று கோபப்படுகிறோம். ஐ.ஐ.டி. நன்றாகக் கற்பிக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. "எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் எந்தப் பாடத்துக்கு இது ஈடு?" என்றுதான் பார்ப்பார்கள். முதலில் சிலபஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்து, அலகு அலகாக ஒப்பிடுவார்கள். தலைப்பு ஒன்றாக இருந்து உள்ளே பாதி வேறாக இருந்தால் ஏற்பது கஷ்டம். அடுத்து கனம். வாரம் ஒரு மணி நேரம் என ஒரு பருவம் முழுக்க நடக்கும் வகுப்பு ஏறக்குறைய ஒரு கிரெடிட். என்.பி.டி.இ.எல்.-இல் 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட். நாலு வாரப் பாடத்தை முடித்துவிட்டு மூன்று கிரெடிட் பேப்பரை விட்டுவிடலாம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். ஏற்கனவே கல்லூரியில் பாஸ் செய்த பாடத்தையே மறுபடி வெளியே படித்துவந்தாலும் இரண்டு முறை எண்ண மாட்டார்கள். பொதுவாக விருப்பப் பாடத்துக்குப் பதிலாக என்றால் வழி எளிது. முக்கியப் பாடம் என்றால் தயக்கம் அதிகம்.

ஈடு பார்ப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் குடவோலையில் பெயர் எழுத கால் வேலி நிலம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று எடுத்துரைக்கத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். எதற்கு எது ஈடு என்பதை முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று வேதத்தை வைத்து யாருக்கும் சலுகை தரப்போவதில்லை, அது வேறு விஷயம்.

முன்கூட்டியே முடிவாகிவிட்டால் சிக்கலே இல்லை என்பதற்கு இன்றைய உதாரணமும் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்கிறார். அவரை யாரும் தனித்தனியாக சிலபஸ் கேட்பதில்லை.

அடுத்து ஏ.பி.சி., அதாவது கிரெடிட் வங்கி. 2021-ல் வந்தது. டிஜிலாக்கர் வழியாகக் கணக்கு திறக்கலாம். பேங்க் என்கிறார்களே என்று சான்றிதழை நீங்களே போட முடியாது. கல்வி நிறுவனம்தான் கிரெடிட்டை வரவு வைக்க வேண்டும். அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் அது செல்லும். நம் ஊரில் இங்கே மாட்டுவது இனிஷியல்! ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரிப் பதிவில் ஒற்றை எழுத்து, ஸ்வயம் கணக்கில் இனிஷியலே இல்லை என்றால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று கணினிக்குத் தெரியாது. பெயர், பிறந்த தேதி இரண்டையும் இன்றைக்கே சரிபாருங்கள்.

கல்லூரியே மாறுகிறவர்களுக்கும் இதே ஒப்பீடுதான். விடுபட்ட பாடங்களைப் புதிய இடத்தில் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். எத்தனை பேப்பர் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு டி.சி. கேளுங்கள்.

ஸ்வயம் பாடங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. பட்டியல் வந்ததுமே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பாடத்தின் பெயர், நடத்தும் நிறுவனம், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்குப் பதிலாகக் கேட்கிறீர்கள் என்று எழுதி, இரண்டு சிலபஸையும் இணையுங்கள். அனுமதி கையெழுத்தாகி வந்ததும் அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.